ஏழாம் மேசையின் போலீஸ் அலைவரிசை

அத்தியாயம் 5

“மேசைக்கு அடியில என்ன தெரியுது க்ளைட்?”

“சூயிங்கம் பாஸ். மொத்தம் பதினொண்ணு. ரெண்டு இன்னும் ஈரமா இருக்கு. சாட்சியா எடுத்துக்கலாமா?”

“ஒயர், பெட்டி, மைக், எதுவும் இல்லையா?”

“இல்ல பாஸ். புதினா வாசம் மட்டும் இருக்கு.”

க்ளைட் பர்னெல் தவழ்ந்தபடியே வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். முப்பத்து நாலு வயது. இரண்டு வருடங்களுக்கு முன்புவரை உள்ளூர்த் தொலைக்காட்சியில் வானிலை வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள், “மழை வருமா வராதான்னு என்னைக் கேக்குறதுக்கு ஜன்னலைத் திறந்து பாருங்களேன்” என்று நேயர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அன்று மாலையே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மழையும் பெய்தது.

அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டவர் அடேல் வுகோவிச். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் துப்பறிவாளர். அதற்குமுன் முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக, முதுகுவலி என்று பணம் வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பியானோ தூக்குகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த உணவகத்துக்குப் போனாலும் தன் பிளாஸ்கிலிருந்துதான் காப்பி குடிப்பார். இப்போதும் அதைத்தான் செய்தார். பரிமாறும் பெண் அதைப் பார்த்து முறைத்தாள்.

“ஏழாம் மேசைன்னு நம்பர் போட்ட மேசை இந்த ஊர்ல இன்னும் எத்தனை இருக்கு?” என்று அடேல் கேட்டார்.

“உணவகம் ஒம்பது. பார் பதினாலு. ஒவ்வொரு மேசைக்கு அடியிலயும் நான் போகணும்னா இந்த பேன்ட்டுக்கு நீங்க தனியா காசு தரணும்.”

எதிரில் உட்கார்ந்திருந்த வால்ட் செலெங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்து நாலு வயது, ஓய்வுபெற்ற குழாய்ப் பொருத்துநர். கார்வின் கேட்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் பதினான்கு பேர். வீட்டில் ஸ்கேனர்கள் வைத்துக்கொண்டு போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வயர்லெஸ் பேச்சைக் கேட்பதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. பென்சில்வேனியாவில் சிலர் மான் வேட்டைக்குப் போவார்கள், சிலர் காலுறை பின்னுவார்கள், இவர்கள் கேட்பார்கள். அவ்வளவுதான்.

மூன்று வாரங்களுக்கு முன் கார்வின் போலீஸ் தன் வயர்லெஸ் முழுவதையும் வெளியாள் கேட்க முடியாதபடி பூட்டும் மறையாக்கத்துக்கு மாற்றிவிட்டது. பதினான்கு பேரின் ஸ்கேனர்களும் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பூட்டுப் போட்ட நான்காவது நாளிலிருந்து, ஊர்க்காரர்களின் இணையப் பலகையில் ‘ஏழாம் மேசை’ என்ற பெயரில் யாரோ போலீஸ் பேச்சை அப்படியே எழுத ஆரம்பித்தார்கள். போலீஸ் தலைவர் ரோலண்ட் ஹாட்ச் கொதித்துப்போனார். பூட்டை உடைக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான் என்று முடிவு செய்து, வால்ட்டின் வீட்டுக்குப் போய் அங்கிருந்த எட்டு ஸ்கேனர்களையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் எப்படி உடைத்தாய் என்று சொல்லாவிட்டால் வழக்கு அரசு வழக்கறிஞரிடம் போகும்.

“எனக்கு என் செல்போன்ல பாஸ்வேர்டு போடவே தெரியாது. இதை நான் எப்படி உடைப்பேன்?” என்றார் வால்ட்.

“அதையே அவர்கிட்ட சொல்லலாமே?”

“சொன்னேன் க்ளைட். ‘தேர்ந்த குற்றவாளி இப்படித்தான் பேசுவான்’னு எழுதிக்கிட்டார்.”

அவர் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை.

“போன செவ்வாய்க்கிழமை எங்க பின் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சு. முன்னாடின்னா எந்த வீடு, யாருக்கு என்னன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். என் சம்சாரம் மார்ஜ் உடனே ஒரு ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கிட்டுப் போவா. இப்பவும் சுட்டா. எந்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னு தெரியாம அது அப்படியே அடுக்களையில கெடக்கு. ஊர்ப் பத்திரிகைக்காரனுக்கும் தெரியல. அவனும் எங்களை மாதிரி ஸ்கேனர் கேட்டுத்தானே ஓடுவான். நேத்து முதல் பக்கத்துல பூசணிக்காய் சூப் செய்முறை போட்டிருக்கான்.”

க்ளைட் வாயைத் திறந்தான். சூப்பைப் பற்றி ஒரு நல்ல ஜோக் நாக்கு நுனியில் இருந்தது. வால்ட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டான். வெறும் வயிற்றில் அது சுலபமாக இல்லை.

மணி ஒன்பது.

“வா, ஹாட்ச்சைப் போய்ப் பார்க்கலாம். வால்ட், போனைப் பக்கத்துலயே வச்சுக்கோங்க” என்று எழுந்தார் அடேல்.

*

ஹாட்ச்சின் அறையில் ஹீட்டர் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. இருந்தும் அவர் காதை மூடும் ரோமத் தொப்பியைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அறுபத்தொரு வயது, மலை மாதிரி உடம்பு. மேசைமேல் வயர்லெஸ் பெட்டி ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

க்ளைட் ஜன்னல் பக்கமாக நின்றபடி, “மணி என்ன ஆச்சு சார்?” என்று கேட்டான்.

“மனைவி நல்லா இருக்கா. விசாரிச்சதுக்கு நன்றி” என்றார் ஹாட்ச்.

க்ளைட் அடேலைப் பார்த்தான். அடேல் நாற்காலியை இழுத்து ஹாட்ச்சுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“ஏழாம் மேசை எழுதினதை எல்லாம் பார்க்கணும்.”

ஹாட்ச் ஒரு கோப்பைத் தள்ளினார். க்ளைட் எட்டிப் பார்த்துப் படித்தான்.

‘இன்று லார்ச் தெருவில் ஒரு ஆடு பேருந்தில் ஏறிவிட்டது. இறங்க மறுக்கிறது. ஓட்டுநர் இறங்கிவிட்டார். பிரமாதம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.’

‘இன்று சப்பென்று இருந்தது. ஒரே ஒரு கார் மோதல், அதிலும் யாருக்கும் அடியில்லை. ஐந்துக்கு ஒன்று.’

‘சார்ஜெண்ட்டின் குரலில் உணர்ச்சி போதவில்லை. திருடன் ஓடுகிறான் என்பதை இப்படியா சொல்வது?’

“எங்களுக்கு மார்க் போடுறான், பாருங்க! எங்க சார்ஜெண்ட் மூணு நாளா கண்ணாடி முன்னால நின்னு ‘திருடன் ஓடுறான், திருடன் ஓடுறான்’னு பேசிப் பழகிக்கிட்டிருக்கான். வீட்டுல பொண்டாட்டி பயந்துபோயிட்டா” என்று ஹாட்ச் மேசையைக் குத்தினார்.

“முன்னேற்றம் இருக்கா?” என்றான் க்ளைட்.

“மாற்றமா? எனக்கு எதுக்கு மாற்றம்? நான் இங்கேயேதான் ஓய்வு பெறுவேன்!”

அடேல் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் காலையில பத்திலிருந்து பன்னெண்டுக்குள்ள நடந்ததுதான். சாயங்காலம் நடந்தது ஒண்ணுகூட இல்ல. சனி, ஞாயிறு இல்ல.”

ஹாட்ச் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

“நீங்க வால்ட்டோட ஆளு. உங்ககிட்ட இதைச் சொல்லக்கூடாது. ஆனா வேற யார்கிட்டயும் சொல்ல முடியல. எங்க வயர்லெஸ்ல எதிரிங்க புகுந்துட்டாங்க.”

“எந்த எதிரிங்க?”

“அதான் தெரியல. சங்கேத எண் கொடுக்குறாங்க. அதே பத்துலேருந்து பன்னெண்டு மணிக்குள்ள. பாருங்க.”

நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பி-9. என்-38. ஜி-52. ஓ-71. ஐ-20. பக்கத்தில் அம்புக்குறிகள், கூட்டல், கழித்தல், ஒரு இடத்தில் ‘நீர்மூழ்கிக் கப்பல்?’ என்று கூட இருந்தது. கார்வினிலிருந்து கடல் முந்நூறு மைல்.

“கன்ட்ரோல் ரூம் பொண்ணைக் கேட்டீங்களா?” என்றார் அடேல்.

“கேட்டேன். அப்படி எதுவுமே வரலைங்கறா. யாருக்குமே கேக்கல. எனக்கு மட்டும்தான் கேக்குது. இப்ப அவ மேலயும் எனக்குச் சந்தேகம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது அடுத்த அறைக்குக் கேட்கும்போலத்தான் இருந்தது. “அதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. நம்பர் சொல்லிக்கிட்டே வர்றான். திடீர்னு ஒரு பொம்பளை அலறுறா. என்ன வார்த்தைன்னு புரியல. அலறினதும் எல்லாரும் கை தட்டுறாங்க! அப்புறம் மறுபடியும் மொதல்லேருந்து நம்பர். என்ன ஜென்மங்க அதுங்க?”

க்ளைட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அந்த வெக்கையிலும்.

அடேல் நோட்டை மூடாமல் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனார்.

“ரெண்டே கேள்வி. இந்த அஞ்சு எழுத்தைத் தவிர வேற எழுத்து எப்பவாவது வந்துச்சா?”

“இல்ல.”

“எழுபத்தஞ்சுக்கு மேல எந்த நம்பராவது வந்துச்சா?”

ஹாட்ச் நோட்டைப் பறித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். அவர் முகம் வெளுத்தது. “இல்ல... ஒண்ணுகூட இல்ல. இது எப்படி உங்களுக்குத் தெரியும்? நீங்க யாரு?”

“பன்னெண்டு மணிக்குள்ள வந்து சொல்றேன். அதுவரைக்கும் அந்தக் கோப்பு இந்த மேசையை விட்டு நகரக்கூடாது. ஹாட்ச், தொப்பியைக் கழட்டுங்களேன், வேர்க்குது.”

“குளிருது” என்றார் ஹாட்ச், வியர்வையைத் துடைத்தபடி.

*

வெளியே வந்ததும் அடேல் காரை நோக்கிப் போகாமல், காவல் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் நடந்தார். க்ளைட் பின்னால் ஓடினான்.

“பாஸ், கார் அந்தப் பக்கம். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி நடந்தே போறோமா?”

“உங்க அம்மா உன்னை பிங்கோவுக்குக் கூட்டிட்டுப் போனதே இல்லையா?”

“எங்க அம்மா குதிரைப் பந்தயத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க.”

“பிங்கோ சீட்டுல அஞ்சு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மேல ஒரு எழுத்து. பி, ஐ, என், ஜி, ஓ. நம்பர் ஒண்ணுலேருந்து எழுபத்தஞ்சு வரைக்கும். ஒருத்தர் கூப்பிடுவார், மத்தவங்க சீட்டுல குத்துவாங்க. வரிசை நிரம்பினவங்க எழுந்து ‘பிங்கோ’ன்னு கத்துவாங்க.”

க்ளைட் சந்தின் நடுவில் நின்றுவிட்டான். “அந்த அலறல்...”

“எல்லாரும் கை தட்டுவாங்க.”

சந்தின் மறுபக்கத்தில் புனித கசிமிர் தேவாலயத்தின் கூடம். வாசலில் பலகை: ‘பிங்கோ. திங்கள் முதல் வெள்ளி வரை. காலை 10 முதல் 12.’ உள்ளேயிருந்து முட்டைக்கோசும் வெங்காயமும் வதங்கும் வாசம் வந்தது. பியரோகி என்ற கொழுக்கட்டைக்கு உள்ளே வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

கதவருகே ஒரு கூடை. அதில் சீட்டுக்கட்டு அளவில் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் காதில் மாட்டும் ஒயர். ‘காது மந்தமானவர்கள் எடுத்துக்கொள்ளலாம். திருப்பி வைக்கவும். ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதியிருந்தது.

கூடத்தில் நாற்பது பேர் குனிந்திருந்தார்கள். மேடையில் பாதிரியாரின் உதவியாளரான டீக்கன் காஸ்பர் நோவிக்கி மைக் முன்னால் எண் எழுதிய உருண்டையை எடுத்து, “ஜி... ஐம்பத்தி நாலு” என்று தேவவசனம் மாதிரி இழுத்துச் சொன்னார். மேசைகளுக்கெல்லாம் எண் அட்டை. ஏழாம் மேசை கடைசியில், ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் சந்து, சந்துக்கு அப்பால் ஹாட்ச்சின் அறை ஜன்னல்.

அங்கே ஒரே ஒரு பெண், ஆறு சீட்டுகளைப் பரப்பி வைத்து, இடது காதில் ஒயர் மாட்டி உட்கார்ந்திருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களின் மஞ்சள் மேலங்கி. மார்பில் ‘இர்மா டூடெக்’ என்ற பெயர்ப்பட்டை.

க்ளைட் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். “வணக்கம்மா. நான்...”

“உஷ்! தொடர் போயிட்டிருக்கு!”

“எது?”

அவள் பதில் சொல்லாமல் கூடையைக் காட்டினாள். க்ளைட் ஒரு பெட்டியை எடுத்துவந்து காதில் மாட்டினான். முதலில் டீக்கனின் குரல்: “பி... நாலு.” மைக் அடங்கியதும், பின்னாலிருந்து தண்ணீருக்குள்ளிருந்து எந்திர மனிதன் பேசுவதுபோல இன்னொரு குரல்: “கன்ட்ரோல், பன்னிரண்டாம் வண்டி பேசுறேன். நூலகத்துக்குள்ள ஒரு ரக்கூன் இருக்கு. சிறுவர் பகுதியில. வெளிய போகச் சொன்னா உறுமுது. ஓவர்.”

“இன்னைக்கு நல்லாப் போகுது. ஆட்டுக்கு அப்புறம் இதுதான்” என்று இர்மா கிசுகிசுத்தாள்.

அடேல் அவளுக்கு முன்னால் வந்து குனிந்தார். “இணையத்துல ஏழாம் மேசைன்னு எழுதுறது நீங்கதானே?”

இர்மாவின் முகம் மலர்ந்தது. “படிக்கிறீங்களா? நல்லா இருக்கா? காலையில பிள்ளைங்களைக் கொண்டு விட்டுட்டு மதியம் வரைக்கும் எனக்கு வேலை இல்ல. பஸ் எஞ்சின் சத்தத்துல இந்தக் காது போச்சு. அதான் இந்தப் பெட்டி. மூணு வாரமா நம்பருக்கு நடுநடுவுல ஒரு நாடகம் போடுறாங்க. காது கேக்காதவங்களுக்குப் பொழுதுபோகட்டும்னு. நம்ம ஊர்த் தெருப் பேரெல்லாம் வச்சே எழுதியிருக்காங்க, எவ்வளவு உழைப்பு! ஆனா அந்த சார்ஜெண்ட்டா வர்றவர் மட்டும்...”

“உணர்ச்சி போதல” என்றான் க்ளைட்.

“அதேதான்!”

“அம்மா, அது நாடகம் இல்ல. நிஜப் போலீஸ்.”

இர்மா சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். “நிஜமா இருந்தா பேப்பர்ல வந்திருக்குமே? ஆடு பஸ் ஏறினது பேப்பர்ல வராதா? மூணு வாரமா பேப்பர்ல பூசணிக்காயைத் தவிர ஒண்ணுமே இல்லையே!”

க்ளைட் காதிலிருந்து ஒயரைக் கழற்றினான். அவள் கேட்டதில் தப்பில்லை. ஊருக்கே காதைப் பொத்திவிட்ட பிறகு, நடந்தது எது கதை எது என்று யாரால் சொல்ல முடியும்?

“அப்ப பீச் தெருவுல படியில விழுந்த அந்தப் பெரியவர்?” இர்மாவின் குரல் இறங்கிவிட்டது. “நான் அதுக்கு ரெண்டு நட்சத்திரம் போட்டேனே...”

பீச் தெரு வால்ட்டின் பின் தெரு. அடேல் உடனே போனை எடுத்து, “வால்ட், போன செவ்வாய்க்கிழமை. பீச் தெரு” என்றார். பிறகு இர்மாவிடம், “வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கா?”

“நாற்பத்தொண்ணு.”

“நாற்பத்தொண்ணு. மார்ஜை அந்த ஆப்பிள் பையை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க நேரா ஹாட்ச் ஆபீசுக்கு வாங்க.”

இடைவேளையில் டீக்கன் நோவிக்கியை ஓரமாக நிறுத்தினார்கள். அவர் நெற்றி சுருங்கியது.

“எங்ககிட்ட மைக் சத்தத்தைக் காதுப் பெட்டிக்கு அனுப்புற டிரான்ஸ்மிட்டர் ரெண்டு இருந்துச்சு. ஒரே மாதிரி, ஒரே அலைவரிசை. ஒண்ணு போதும்னு இன்னொண்ணைக் காதுப் பெட்டியோட சேர்த்துப் பழைய சாமான் விற்பனையில வித்துட்டோம். சரியா மூணு வாரம் இருக்கும்.”

“வாங்கினது யாரு?”

“பேர் சொல்லல. கிறிஸ்துமஸ் தாத்தா தாடி ஒட்டியிருந்தார்.”

“அக்டோபர்லயா?” என்றான் க்ளைட்.

“அவசரம் போலன்னு நினைச்சேன். யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா...” டீக்கன் தயங்கினார். “வெளிய போகும்போது என் காரைப் பார்த்து, தப்பா நிறுத்தியிருக்கேன்னு அபராதச் சீட்டு எழுதிக் கண்ணாடியில செருகிட்டுப் போனார்.”

*

மணி பதினொன்றே முக்கால். ஹாட்ச்சின் மேசையில் கோப்பு கட்டித் தயாராக இருந்தது. அடேல் கதவைச் சாத்தினார். வால்ட் வெளியே பெஞ்சில் இருந்தார்.

“எதிரியைப் பிடிச்சிட்டோம். பேரு காஸ்பர் நோவிக்கி. ஆயுதம் ஒரு கூடை உருண்டை. அலறினவங்க நல்லா இருக்காங்க. பரிசா ஒரு பன்னிக்கறி ஹாம் வாங்கிட்டு வீட்டுக்குப் போனாங்க” என்றான் க்ளைட், இந்த முறை ஹாட்ச்சின் முகத்துக்கு நேராக, சத்தமாக.

அடேல் எழுந்து போய் வயர்லெஸ் பெட்டியைத் திருப்பினார். அதன் பின்பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தது. ‘புனித கசிமிர் தேவாலயச் சொத்து’ என்ற பழைய வில்லை இன்னும் உரியவில்லை.

“உங்க பூட்டை யாரும் உடைக்கல ஹாட்ச். பூட்டின வீட்டுக்குள்ள உட்கார்ந்து ஜன்னல் வழியா நீங்களே கத்திக்கிட்டிருந்திருக்கீங்க. வயர்லெஸ்ல வர்றதை இந்தப் பெட்டி உங்க காதுக்கு அனுப்புறேன்னு அப்படியே வாங்கி வெட்ட வெளியில விடுது. சந்தைத் தாண்டினா பிங்கோ கூடம். நீங்க பேசுறது ஏழாம் மேசைக்குப் போகுது, அவங்க நம்பர் உங்க காதுக்கு வருது. தொப்பியைக் கழட்டுங்க.”

ஹாட்ச் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு தாடைக்குக் கீழே முடிச்சை அவிழ்த்தார். வலது காதிலிருந்து ஒயர் தொங்கியது.

“பழைய வயர்லெஸ்ல சமாளிச்சேன்” என்றார். குரலில் முதல்முறையாக அதிகாரம் இல்லை. “கரகரன்னு இருந்தாலும் ஒவ்வொருத்தன் குரலும் எனக்குத் தெரியும். யார் பயந்திருக்கான், யார் பொய் சொல்றான்னுகூடத் தெரியும். இந்தப் புதுசுல எல்லாரும் ரொட்டி மெஷின் மாதிரிப் பேசுறான். ஒரு வார்த்தை புரியல. டாக்டர்கிட்ட போனா நகர மன்றத்துக்குத் தெரிஞ்சிடும். போலீஸ் தலைவனுக்குக் காது கேக்காதுன்னு ஊரே சிரிக்கும்.”

“அதுக்காக வால்ட்டை ஜெயிலுக்கு அனுப்பிடலாமா?”

“அவன்தான் உடைச்சான்னு நிஜமாவே நினைச்சேன் அடேல். சத்தியமா.”

அடேல் கதவைத் திறந்தார். வால்ட் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஹாட்ச்சின் கிசுகிசுப்பு பெஞ்சுவரை கேட்கக்கூடியது என்பது யாருக்கும் புதிய செய்தி இல்லை.

“எனக்குத் தெரியும் ரோலண்ட்” என்றார் வால்ட்.

“இப்ப கேட்டுட்டே. தெரியாம இருக்குமா?”

“இப்ப இல்ல. ஏழு வருஷமாத் தெரியும்.” அவர் உள்ளே வந்து, ஹாட்ச்சுக்கு எதிரே நின்று, மெதுவாகப் பேசினார். “வயர்லெஸ்ல நீ ‘திரும்பச் சொல்லு’ன்னு சொல்றதை நான் குறிச்சு வச்சிருக்கேன். மொதல்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. அப்புறம் எட்டு. போன வருஷம் முப்பத்தொண்ணு. எங்க சங்கத்துல பதினாலு பேருக்கும் தெரியும். மேப்பிள் தெருன்னு சொன்னா நீ ஏப்ரல் மாசம்னு எழுதுவே. வண்டி தப்பான இடத்துக்குப் போகக்கூடாதுன்னு மார்ஜ் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணி, ‘மேப்பிள் தெருவுலதானே சண்டை, எனக்கு இங்கேருந்து கேக்குது’ன்னு சொல்லுவா. எங்க வீடு அங்கேருந்து ரெண்டு மைல்.”

ஹாட்ச் நிமிர்ந்தார். “பேர் சொல்லாம போன் பண்ற அந்தப் பொம்பளை...”

“மார்ஜ்தான்.”

“ஏழு வருஷம். மன்றத்துல என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். ஏன்யா சொல்லல?”

வால்ட்டுக்குக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது. “நாங்க கேட்போர் சங்கம் ரோலண்ட். சொல்வோர் சங்கம் இல்ல.”

க்ளைட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.  

ஹாட்ச் கோப்பைக் கையில் எடுத்தார். கிழிக்கப் பார்த்தார். அட்டை தடிமனாக இருந்ததால் முடியவில்லை. அடேல் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். கறுப்புப் பெட்டியின் ஒயரை ஹாட்ச்சே பிடுங்கினார். சந்துக்கு அப்பால் ஜன்னலில் இர்மா டூடெக் எழுந்து நின்று தன் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்ப்பது தெரிந்தது.

“வர்ற திங்கட்கிழமை மன்றத்துல நானே எழுந்து சொல்றேன்” என்றார் ஹாட்ச். “எது ரகசியமோ அதை மட்டும் பூட்டிக்கிறோம். ஆடு, ரக்கூன், ஆம்புலன்ஸ் எல்லாம் பழையபடி திறந்துவிடுவோம். பழைய வயர்லெஸ்லயே. ஏன் திறக்கணும்னு கேட்டா... கேட்டா, ஊருக்குக் கேக்கணும்னு சொல்றேன். என் காதைப் பத்தியும் சொல்லிடுறேன். வேலை போனா போகுது.”

“போகாது. காது மெஷின் மாட்டின ஆளுங்கதான் மன்றத்துல பாதிப் பேர். அவங்களே முடியைக் காது மேல இழுத்துவிட்டு மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. முப்பது வருஷம் பொய் முதுகுவலியைப் பிடிச்சவ நான். இது எனக்குத் தெரியாதா?” என்றார் அடேல்.

எட்டு ஸ்கேனர்களையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்து, வால்ட் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போனார். க்ளைட் கதவைப் பிடித்துக்கொண்டான். படியருகே போகும்போது பின்னால் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. தொப்பியில்லாமல் ஹாட்ச். காதுகள் இரண்டும் சிவந்து, வெளிக்காற்றுக்குப் புதியவைபோலத் தெரிந்தன.

“வால்ட்! பிட்ஸ்பர்க்ல ஒரு காது டாக்டர் இருக்காராம். இப்பவே வரச் சொல்றாங்க.” அவர் மூச்சு வாங்கினார். “ஆனா அவர் என்கிட்ட கேள்வி கேப்பார். எனக்குக் கேக்காது. தப்பு தப்பாச் சொல்லுவேன். நீ... கூட வர்றியா?”

வால்ட் தள்ளுவண்டியைப் பார்த்தார். கடைசியில் கைக்குத் திரும்பி வந்த எட்டுப் பெட்டிகள். கைப்பிடியை மெதுவாக க்ளைட்டின் கையில் கொடுத்தார்.

“பத்திரமா வீட்டுல இறக்கிடு தம்பி.” பிறகு ஹாட்ச்சின் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை உருவிக்கொண்டார். “நானே ஓட்டுறேன். நீ ஓட்டினா ஹாரன் கேக்காது.”

“என்ன?” என்றார் ஹாட்ச்.

வால்ட் அவர் காதருகே குனிந்து, “ஏறுன்னு சொன்னேன்” என்றார்.